சட்டைக் கையைச் சுருட்டும் சிலிர்ப்பர்

உலகத்தில் எத்தனையோ வகை மனிதர்கள் இருக்கிறார்கள். கூட்டம் தொடங்கியதும் முதல் ஆளாக இருமுகிறவர், லிஃப்டில் ஏற்கெனவே அழுத்திய பொத்தானை மறுபடி அழுத்துகிறவர், சாவு வீட்டில் குழம்பில் உப்புக் குறைவு என்கிறவர். இவர்களையெல்லாம் இன்று விட்டுவிடுகிறேன். இன்று நான் காட்டப்போகிறவர் சிலிர்ப்பர். பாட்டுக் கேட்டால் இவருக்குப் புல்லரிக்கும். அதில் தப்பொன்றும் இல்லை, யாருக்கும் வருவதுதான். ஆனால் இவருக்குப் புல்லரித்தால் அது உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். உடனே தெரிய வேண்டும். பாட்டு முடிகிறவரை பொறுக்காது.

இவரை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். டிவியில் பாட்டுப் போட்டி நடக்கும்போது கேமரா தன் பக்கம் திரும்புவதற்கு அரை நொடி முன்னால் வாயைப் பொத்திக்கொள்கிற பெண்மணி இந்த வகை. பஸ்ஸில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, திடீரென்று உடம்பை ஒரு உலுக்கு உலுக்கி, பக்கத்து இருக்கைக்காரர் "என்னங்க ஆச்சு?" என்று கேட்பதற்காகக் காத்திருக்கும் கல்லூரி மாணவர் இந்த வகை. யாரும் கேட்காவிட்டால் இன்னொரு முறை உலுக்குவார்.

தென்கொரியாவில் இருக்கிற எங்கள் ஊர் கோச்சாங்கில் இந்த வகை கொஞ்சம் அதிகம். எங்கள் பாட்டு அப்படி. பாடுகிறவர் ஒருவர், கையில் ஒரு விசிறி. பக்கத்தில் மேளக்காரர் ஒருவர். அவ்வளவுதான் கச்சேரி. மூன்று மணி நேரம், நாலு மணி நேரம் ஒரு கதையை நின்றபடியே பாடுவார், பேசுவார், அழுவார், திட்டுவார். கேட்கிறவர்கள் பிடித்துவைத்த மண்ணாக உட்கார்ந்திருக்கக் கூடாது. சரியான இடத்தில் "ஒல்சிகூ!" என்றோ "சோத்தா!" என்றோ, சபாஷ் போடுகிற மாதிரி, குரல் கொடுக்க வேண்டும். பாடுகிறவர் மூச்சு வாங்குவதற்கும் மேளத்தில் அடி விழுவதற்கும் நடுவே ஒரு சின்னச் சந்து இருக்கும். அதற்குள் நுழைந்து வெளியே வந்துவிட வேண்டும். முந்தினால் அசடு என்பார்கள். பிந்தினால் தூங்கிவிட்டான் என்பார்கள். ஒருவருமே குரல் கொடுக்காவிட்டால் பாடுகிறவருக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். எனவே எங்கள் ஊரில் நல்ல பாடகருக்கு இருக்கிற மரியாதை நல்ல காதுக்காரருக்கும் உண்டு.

நான் முடி திருத்துகிறவன். பெயர் பியோ. பஸ் நிலையத்துக்குப் பின்னால் முப்பத்து நாலு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். முடி எப்போது படுக்கும், எப்போது நிற்கும் என்பதை என்னைவிடத் தெரிந்தவர் இந்த வட்டாரத்தில் இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் சாட்சி சொல்ல வேண்டி வரும்.

எங்கள் காதுக்காரர் சங்கத்தில் இருபத்து மூன்று பேர். அதில் முதல் தரமான சிலிர்ப்பர் தாக் கிமான், பாய்லர் கடை முதலாளி. ஊரில் முக்கால்வாசி வீடுகளில் தரைக்கடியில் ஓடும் வெந்நீர்க் குழாய் அவர் போட்டதுதான். எங்களையெல்லாம் குளிர்காலத்தில் சூடாக வைத்திருக்கிற அந்த மனிதர், கச்சேரிக்கு மட்டும் பனி கொட்டுகிற பிப்ரவரியிலும் மெல்லிய சட்டையோடு வருவார். உள்ளே கம்பளி உள்ளாடை கிடையாது. கழுத்தில் துணி கிடையாது. சட்டைக் கையின் பொத்தான் வாசலிலேயே கழன்றிருக்கும். விருந்துக்குப் போகிறவர் இடுப்புப் பட்டையைத் தளர்த்திக்கொண்டு போவார் அல்லவா, அந்த முன்யோசனை.

பாட்டு ஆரம்பித்துக் கால் மணி நேரம் அமைதியாக இருப்பார். பிறகு மூக்கால் ஒரு சத்தம். "ம்ம்... வருது... வருது..." உங்களுக்குப் பயமாக இருக்கும், என்ன வருகிறதோ என்று. அப்புறம் சட்டைக் கை முழங்கை வரை சுருண்டு மேலே போகும், முன்னங்கை உங்கள் மூக்குக்கு நேராக நீளும். பாடுகிறவர் அப்போது உயிரைக் கொடுத்து ஒரு தாயின் அழுகையைப் பாடிக்கொண்டிருப்பார். நீங்கள் அதைக் கேட்க முடியாது. தாக் கிமானின் கையைப் பார்க்க வேண்டும்.

"பாரு, பாரு, நல்லாப் பாரு. அரிசி கொட்டின மாதிரி இருக்கா இல்லையா?"

"இருக்குண்ணே."

"உனக்கு வரலையா?"

இந்தக் கேள்வியில்தான் சிலிர்ப்பரின் உயிர் இருக்கிறது. "உனக்கு வரலையா?" என்பதில் எவ்வளவு கருணை! கால் ஒடிந்தவனைப் பார்த்து "ஓட முடியலையா?" என்று கேட்கிற கருணை. நீங்கள் அவசரமாக உங்கள் கையைப் பார்ப்பீர்கள். அது வழக்கம்போல வழவழவென்று கிடக்கும். "எனக்குப் பிடரியில வந்துருச்சு" என்று பொய் சொல்வீர்கள். எல்லாரும் சொல்லியிருக்கிறோம். பிடரி வசதியான இடம், சொந்தக்காரருக்கே தெரியாது.

கச்சேரி முடிந்ததும் கணக்கெடுப்பு நடக்கும். "இன்னிக்கு முழங்கை வரைக்கும்தான். போன இலையுதிர் காலத்துல தோள்பட்டை தாண்டிப் போச்சு. ஒரு தடவை கெண்டைக்கால்ல வந்துச்சு, அது உனக்கு ஞாபகம் இருக்கா?" அவர் கெண்டைக்கால் எனக்கு ஏன் ஞாபகம் இருக்க வேண்டும்? ஆனால் இருக்கிறது. அதுதான் கொடுமை.

சரி, பாட்டுக் கேட்டால் ஏன் புல்லரிக்கிறது? சிலிர்ப்பர் இருக்கிற இடத்தில் இந்தக் கேள்வி எழாமல் இருக்காது. யாரும் எழுப்பாவிட்டால் அவரே எழுப்புவார். தாக் கிமான் டிவியில் ஒரு நிகழ்ச்சி பார்த்திருந்தார். ஆதியில் நமக்கெல்லாம் உடம்பு முழுக்க ரோமம் இருந்ததாம், குட்டி தூரத்தில் கத்தினால் தாய்க்கு ரோமம் குத்திட்டு நிற்குமாம், இப்போது ரோமம் போய்விட்டது, நிற்கிற பழக்கம் மட்டும் போகவில்லையாம். "அதாவது, மனசுல ஈரம் இருக்கிறவனுக்குத்தான் வரும்" என்று முடிப்பார். அது டிவியில் சொன்னதில்லை, அவர் சேர்த்தது. மூலிகை வைத்தியர் மோ இதை ஒத்துக்கொள்ள மாட்டார். "வயித்துல சூடு கம்மி. வேற ஒண்ணுமில்ல. இஞ்சிக் கஷாயம் மூணு நாள் குடி, எந்தப் பாட்டுக்கும் வராது" என்பார். மாதா கோவில் போகிற அம்மாள் ஒருவர், அது தேவ கிருபை என்பார். புளிக்கவைத்த திருக்கை மீனைத் தின்றாலும் தனக்கு அப்படித்தான் ஆகிறது, அதுவும் கிருபையா என்று மேளக்காரர் கேட்பார். தாக் கிமானின் மனைவி யொன்ஹீ அம்மா மட்டும் தையலிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொல்வாள்: "உள்ள கம்பளி போட்டுட்டு வந்தா சரியாப் போயிடும்."

என் எண்ணத்தையும் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதீர்கள். நாம் எதிர்பார்த்த சுரம் எதிர்பார்த்த நேரத்தில் வராமல், அரை மூச்சு தள்ளி, கொஞ்சம் உடைந்து வரும்போது, மனசு அதைப் புரிந்துகொள்வதற்கு முன்னால் தோல் புரிந்துகொண்டுவிடுகிறது. இதை நான் எப்படிக் கண்டுபிடித்தேன்? கண்டுபிடிக்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன். ஏனென்றால் எனக்கு வாழ்நாளில் ஒரு தடவைகூடப் பாட்டுக்குப் புல்லரித்ததில்லை. பிடிக்காமல் இல்லை, கேட்டு அழுதிருக்கிறேன். முடி மட்டும் எழாது. அந்த ரகசியத்தை இருபது வருஷமாக "பிடரி, பிடரி" என்று சொல்லியே காப்பாற்றி வந்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் சங்கம் கூடுகிற இடம் ஒரு பழைய நெல் கிடங்கு. அதில் முன்வரிசையில், மேளக்காரருக்கு இடப்பக்கம், தரையில் உட்கார ஒரு சின்ன மெத்தை போட்டிருக்கும். மற்ற மெத்தைகளைவிட இரண்டு விரல் தடிமன் அதிகம். அதில் உட்காருகிறவர்தான் முதல் குரல் கொடுக்க வேண்டும். அவர் கொடுத்த பிறகே மற்றவர்கள். முப்பது வருஷம் அதில் உட்கார்ந்திருந்த பெரியவர் குக், போன வருஷக் கடைசியில் மகள் வீட்டோடு பூசானுக்குப் போய்விட்டார். மெத்தை காலி. பிப்ரவரிக் கச்சேரி முடிந்து சாப்பிடும்போது கை தூக்கி முடிவு செய்வதென்று பேச்சு. போட்டியில் இரண்டே பேர். ஒருவர் தாக் கிமான். இன்னொருவர் யார் என்று தன்னடக்கம் காரணமாக நான் சொல்லத் தயங்குகிறேன். அந்தக் குளிர்காலம் முழுக்க என் கடைக்கு வந்த சங்கத்து ஆட்களுக்குத் தலையை வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் பிடித்துவிட்டேன் என்று மட்டும் சொல்கிறேன்.

ஆனால் தாக் கிமானை வெல்ல முடியாது என்று எனக்குத் தெரியும். காரணம், அந்தக் கிடங்கு அவரால் வாங்கியிருந்த நல்ல பெயர். மூன்று வருஷங்களுக்கு முன்னால் அவர் தன் சொந்தச் செலவில் அங்கே தரைக்கடியில் குழாய் பதித்து, பின்புறம் ஒரு தகரக் கொட்டகை போட்டு, பாய்லரும் வைத்துக் கொடுத்தார். சாவி அவரிடம்தான். நல்ல பாய்லர். சாதாரண நாட்களில் காய்ந்த மிளகாய் பரப்பிவைத்தால் சாயங்காலத்துக்குள் மொறுமொறுப்பாகிவிடும். கச்சேரி நாளில் மட்டும் அதற்கு ஏதாவது வந்துவிடும்.

"பம்பு அடைச்சிருக்கு. நாளைக்குப் பார்க்கிறேன், இன்னிக்குக் கொஞ்சம் பொறுத்துக்கங்க."

பொறுத்துக்கொண்டோம். அப்புறம் அதிசயம் நடந்தது. அந்தக் கிடங்கில் எல்லாருக்குமே புல்லரிக்க ஆரம்பித்தது! வைத்தியர் மோவுக்கு வந்தது. மாதா கோவில் அம்மாளுக்கு வந்தது. குவாங்ஜுவிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்களுக்கெல்லாம் வந்தது. "அந்தக் கிடங்குல உக்காந்தாலே சிலிர்க்குது" என்று பேச்சுப் பரவியது. நாளடைவில் எங்களுக்குள் ஒரு பழக்கமும் உண்டாகிவிட்டது. பாட்டைக் கேட்டு, சந்து பார்த்து, குரல் கொடுக்கிற வேலையெல்லாம் போய்விட்டது. கையைப் பார்ப்போம். முடி எழுந்தால் "சோத்தா!" என்போம். எழாவிட்டால் பாடகர் சுமார் என்போம்.

மேளக்காரர் உறையிலிருந்து மேளத்தை எடுக்கும்போதே எல்லார் பிடரியிலும் முடி நிற்பதை நான் கவனித்திருந்தேன். எனக்குச் சந்தேகம் வரவில்லையா? வந்தது. வெளியே சொன்னேனா? எனக்கும் முதல்முறையாகக் கையில் அரிசி கொட்டியிருந்தது. எப்படிச் சொல்வேன்?

பிப்ரவரிக் கச்சேரிக்கு வந்தவர் கி ஒக்சிம் அம்மாள். அறுபது வயது, கட்டையான உருவம், குரல் கருங்கல் உரசுகிற மாதிரி இருக்கும், அப்புறம் அதே குரல் தண்ணீராகும். பெரிய பாடகி, பெரிய கோபக்காரி. மத்தியானம் மூன்று மணிக்கு உள்ளே வந்தவர், வணக்கம் சொல்வதற்கு முன்னால் குனிந்து தரையில் உள்ளங்கையை வைத்தார்.

"என்னய்யா இது? பொணத்தைக் கெடத்துற எடமா?"

"பம்பு அடைச்சிருக்கும்மா..." என்று ஆரம்பித்தார் தாக் கிமான்.

"பம்பை அடைச்சா என் தொண்டையும் அடைக்கும். தரை சுடட்டும், அப்புறம் பாடறேன். சுடலேன்னா அஞ்சு மணி பஸ்ஸுக்குப் போறேன். யாரு இங்க பாய்லர் பார்க்கிறது?"

இருபத்து இரண்டு பேரும் ஒரே பக்கம் திரும்பினார்கள். ஊரிலேயே பெரிய பாய்லர் கடைக்காரர், தன் கையால் போட்ட பாய்லரை ஓடவைக்கத் தெரியாது என்று எப்படிச் சொல்வார்? மெத்தை போனால் போகட்டும், கடை போய்விடுமே! அவர் எழுந்து போனார். பத்தே நிமிஷம். தரைக்கடியில் குபுகுபுவென்று தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது.

"மூணு வருஷம் அடைச்ச பம்பு, கி அம்மா அதட்டினதும் திறந்துக்கிச்சு பார்த்தீங்களா" என்றாள் யொன்ஹீ அம்மா, யாரையும் பார்க்காமல்.

கச்சேரி தொடங்கியது. தரையும் தொடங்கியது. முதலில் இதமாக இருந்தது. அப்புறம் சுகமாக இருந்தது. அரை மணியில் மேல்கோட்டுகள் கழன்றன. ஒரு மணியில் வைத்தியர் மோ மெத்தைக்கு மேல் இன்னொரு மெத்தை போட்டுக்கொண்டார். கதை, புருஷனும் பெண்சாதியும் ஆற்றங்கரையில் பிரிகிற இடத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. கி அம்மாள் அருமையாகப் பாடினார். எல்லாரும் கையைப் பார்த்தோம். வியர்வை. மறுபடி பார்த்தோம். அதே வியர்வை. முடி ஒன்றும் எழவில்லை, ஈரத்தில் படுத்துக் கிடந்தது. எனவே யாரும் குரல் கொடுக்கவில்லை. முதல் மெத்தையும் காலி, தொடங்கிவைக்கவும் ஆளில்லை. மேளக்காரர் ஒருவர்தான் தன்னந்தனியாக "ஒல்சிகூ... ஒல்சிகூ..." என்று சொல்லிக்கொண்டிருந்தார், நடுக்கடலில் உதவிக்குக் கூப்பிடுகிறவரைப் போல.

கி அம்மாள் விசிறியை மடக்கினார். "என்ன, எல்லாரும் வெந்துட்டீங்களா? எறக்கி வச்சிடலாமா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்குச் சந்தின் இடம் தெரியும், முப்பது வருஷப் பழக்கம். ஆனாலும் வாய் திறக்கவில்லை. கையில் ஒன்றும் இல்லாமல் எப்படிக் கத்துவது? மூன்று வருஷத்தில் என் காது என் கைக்கு வேலைக்காரனாகியிருந்தது.

அந்த நேரத்தில்தான் தாக் கிமான் குனிந்தபடி பின்கதவு வழியே நழுவினார். புரிந்துவிட்டது. வால்வை மூடப் போகிறார்! கையும் களவுமாகப் பிடித்தால் மெத்தை எனக்கு. நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

தகரக் கொட்டகைக்குள் வாயில் நெருப்பை வைத்துக்கொண்டு பாய்லர் உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே நின்றால் முகம் பொசுங்கும். தாக் கிமான் எனக்கு முதுகைக் காட்டி நின்றார், சட்டைக் கை சுருட்டியிருந்தது, வலது கை வால்வின் மேல். நான் கதவோரம் நின்று, "என்ன முதலாளி, பம்பு அடைச்சிக்கிச்சா?" என்று கேட்க வாயெடுத்தேன்.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் கி அம்மாள் பிரிகிற இடத்தை எடுத்தார். அவர் நின்ற இடமும் கொட்டகையும் முதுகோடு முதுகு, நடுவில் ஒரு தகரம்தான். "போய் வா" என்கிற அந்த ஒரு சொல்லை அவர் தொடங்கினார், நிறுத்தினார். விட்டுவிட்டார் என்று நினைத்தேன். பிறகு அரை மூச்சு தள்ளி, உடைந்து, வந்தது.

தாக் கிமானின் பிடரியை நான் மூன்று நாள் முன்னால்தான் வெட்டியிருந்தேன். அதில் ஒவ்வொரு முடியும் எனக்குத் தெரியும். அவை எழுந்து நின்றன. ஒன்றிரண்டு அல்ல, அத்தனையும், கீழிருந்து மேலாக. வியர்வை சொட்டுகிற கழுத்தில், அடுப்பு மாதிரி கொதிக்கிற கொட்டகையில். முன்னங்கையைப் பார்த்தேன். அங்கேயும். குளிர் இல்லை, பக்கத்தில் ஆள் இல்லை, காட்ட வேண்டிய மூக்கு ஒன்றும் இல்லை. அவர் வால்விலிருந்து கையை எடுத்துவிட்டார். தனக்குள் பேசுகிற குரலில், சந்தின் நட்ட நடுவில் சொன்னார்:

"சோத்தா..."

மேளம் விழுந்தது. நான் என் கையைப் பார்த்தேன். வழவழ.

அவர் திரும்பினார். கண்ணெல்லாம் தண்ணீர். என்னைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வரவில்லை, வெட்கமும் வரவில்லை. கையை நீட்டினார்.

"பியோ தம்பி, பார்த்தியா? இது நிஜம்டா. இதுதான் மொத தடவை. இத்தனை வருஷத்துல இதுதான்டா மொத தடவை. பார்த்தியா?"

தலையாட்டினேன். பார்த்தேன் என்று.

அதோடு அவர் நின்றிருக்கலாம். ஆனால் சிலிர்ப்பர் அல்லவா? கையை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு, முட்டையைக் கரண்டியில் வைத்துக்கொண்டு ஓடுகிற போட்டிக்காரரைப் போல உள்ளே ஓடினார். "வந்துருச்சு! நிஜமாவே வந்துருச்சு!" என்று பாட்டின் நடுவே கத்தினார். எல்லாரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். ஓடி வந்த ஓட்டத்தில் அது படுத்துவிட்டிருந்தது. கரி அப்பிய, வியர்த்த, வழவழவென்ற கை.

கி அம்மாள் பாட்டை நிறுத்தவில்லை. கதைக்குள்ளேயே சேர்த்துக்கொண்டார். "போன படகு திரும்பி வந்துருச்சாம்டி! வந்தது வந்துருச்சு, உக்காரச் சொல்லுங்கடி!" கிடங்கே சிரித்து உருண்டது. அந்தச் சிரிப்பில் எங்கள் வாயடைப்பு விட்டது. கையைப் பார்ப்பதை மறந்து குரல் கொடுத்தோம். மிச்சக் கச்சேரி பிரமாதம். தாக் கிமான் மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சாப்பாட்டில் விலாங்கு மீன் வறுவல், வெங்காயத்தாள் அடை, கலங்கல் அரிசிக் கள். யொன்ஹீ அம்மாகூட இரக்கப்பட்டு, "நிஜமாவே வந்துச்சா உங்களுக்கு?" என்று புருஷனைக் கேட்டாள்.

"பியோ பார்த்தான். அவனைக் கேளு. அவன் முடி வெட்டுறவன், அவனுக்குத் தெரியும். சொல்லுடா தம்பி!"

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். எதிரே சுவரோரம் அந்தத் தடித்த மெத்தை தெரிந்தது. இரண்டு விரல்தான் அதிகம். ஆனாலும்.

"உள்ள ஒரே புகையா இருந்துச்சுண்ணே" என்றேன். "சரியாத் தெரியல."

அவர் சட்டைக் கையை மெதுவாக இறக்கி, பொத்தானைப் போட்டார். அப்படி அவர் பொத்தான் போட்டு நான் பார்த்ததே இல்லை. எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. கள்ளைக் குடித்து அதை இறக்கினேன்.

வைத்தியர் மோ பழைய கேள்வியைக் கி அம்மாளிடம் போட்டார். "அம்மா, நீங்களே சொல்லுங்க. பாட்டுக்கு ஏன் புல்லரிக்குது?"

"எனக்கு என்னய்யா தெரியும்? நாப்பத்திரெண்டு வருஷமாப் பாடறேன், எனக்கு ஒருதரமும் வந்ததில்ல. பாடறவளுக்கு வந்தா பாட்டு நின்னுடும்." மீனை வாயில் போட்டுக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். "இன்னிக்கு வந்துச்சு. பிரியற எடத்துல, ஒரு பய வாயைத் தொறக்கல, செத்தேன்னு நெனச்சேன். அப்ப செவுத்துக்கு அந்தாண்ட இருந்து ஒருத்தர் மெதுவா 'சோத்தா'ன்னார் பாருங்க. மயிரிழை தப்பல. இந்தா, இங்கேருந்து இது வரைக்கும் எழுந்துருச்சு. யாருய்யா அது? இப்படி ஒரு காது உங்க ஊருல இருக்குதா?"

யார் வெளியே போயிருந்தார்கள்? இரண்டு பேர். ஒருவர், பாட்டின் நடுவே கத்திக்கொண்டு ஓடி வந்தவர். அவரால் மயிரிழை தப்பாமல் குரல் கொடுக்க முடியுமா? எல்லாரும் இன்னொருவரைப் பார்த்தார்கள். தாக் கிமானும் பார்த்தார். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். ஒரு நாளைக்கு ஒரு தடவை சிரிக்கப்பட்டது போதும் என்று நினைத்திருப்பார்.

நான் பொய் சொல்லவில்லை. ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன், அவ்வளவுதான். எங்கள் ஊரில் அதற்கு அடக்கம் என்று பெயர். இருபத்தோரு கை உயர்ந்தது. இருபத்திரண்டாவது கை, கொஞ்சம் பிந்தி, பொத்தான் போட்ட சட்டைக் கை, அதுவும் உயர்ந்தது.

இப்போது முதல் மெத்தை என்னுடையது. கிடங்கில் பாய்லர் ஒருநாளும் பழுதாவதில்லை, தரை தகதகவென்று சுடுகிறது. தாக் கிமான் கம்பளி உள்ளாடை போட்டுக்கொண்டு வருகிறார், எனக்கு நேர் பின்னால் மூன்றாம் வரிசையில் உட்காருகிறார். யாரிடமும் கையைக் காட்டுவதில்லை. எப்போதாவது பின்னாலிருந்து மெல்ல ஒரு "சோத்தா" கேட்கும், சந்தின் நட்ட நடுவில், என் குரலுக்கு அரைக்கால் மூச்சு முன்னால். உடனே நான் சட்டைக் கையைச் சுருட்டி, பக்கத்திலிருப்பவரிடம் முன்னங்கையை நீட்டுகிறேன். "பிடரியிலயும் வந்துருச்சு" என்று சேர்த்துக்கொள்கிறேன். பின்னால் உட்கார்ந்திருப்பவர் மூன்று மணி நேரமும் பார்ப்பது என் பிடரியைத்தான். அங்கே ஒரு முடிகூட எழுவதில்லை என்று அவருக்குத் தெரியும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை கடைக்கு வந்து நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு, "பிடரியில மட்டும் பார்த்து வெட்டு தம்பி" என்கிறார். துடைத்த கத்தியையே நான் மறுபடி துடைக்கிறேன்.

போகட்டும், என் கதையை விடுங்கள். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கி அம்மாள் அந்தச் சொல்லை நிறுத்தி, அரை மூச்சு தள்ளிப் பாடியதாகச் சொன்னேனே, அந்த இடத்தில் நீங்கள் உங்கள் முன்னங்கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டீர்கள். இல்லை என்று சொல்லாதீர்கள். ஒன்றும் எழவில்லை, சரிதானே? நாளைக்கு யாராவது கேட்டால், "படிக்கும்போதே புல்லரிச்சிருச்சு" என்று சொல்லத்தான் போகிறீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். உங்களுக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று மட்டும் திரும்பிப் பார்த்துக்கொண்டு சொல்லுங்கள்.